பஸ்ஸும் ரயிலும் ஏறாமல்

லாண்டரிக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னபோது கடை நிறைய ஆள் இருந்தது. கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகளை வாங்க வந்த கம்பவுண்டர், சட்டைக்காகக் காத்து நின்றவர்கள், உள்ளே படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை, வெந்நீர்த் தொட்டிப் பக்கம் நின்ற மனைவி, அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மகள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி அப்போதுதான் போனில் வந்திருந்தது. ஆபீஸ் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாட்டின் அந்தக் கோடிக்குப் போனவள், கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் ராட்சத கிரேனின் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வீட்டுல இருந்து யாரும் அவ வாசலுக்கு பஸ்ஸு ஏறக் கூடாது, ரயில் ஏறக் கூடாது. ஏறினா திரும்பி இங்க வர வேண்டாம்."

சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்து முன்னால் கிடந்த காலரின் மேல் வைத்து அழுத்தினார். அதிகம் பேசாத மனிதர். நாலு பேர் முன்னால் கத்திவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இவருக்கு அப்படி இறங்கி வரத் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் அது தெரிந்ததால் யாரும் திரும்ப அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள் தன்னைக் கேட்காமல் போய்விட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். மனைவியும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளுக்குத் தெருவில் மூட்டையம்மா என்று பெயர். காலையில் லாண்டரியிலிருந்து துணி மூட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினால் லாட்ஜ், கிளினிக், ஹாஸ்டல், சலூன் என்று சுற்றிவிட்டு, அழுக்கு மூட்டைகளோடு வெயில் ஏறுவதற்குள் திரும்புவாள். கனமான பழைய சைக்கிள். பின்னால் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்த அகலமான கேரியர். மூட்டை அவள் தலைக்கு மேலே நிற்கும். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூட்டை தானாகவே சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவதுபோலத் தெரியும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதே தெருக்கள்தான். ஊர் எல்லையில் இருந்த பெட்ரோல் பங்கைத் தாண்டி அவள் சைக்கிள் போனதில்லை.

மகள் வாரம் தவறாமல் பேசுவாள். அப்பா சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துக் கடை போனுக்குக் கூப்பிடுவாள். வேலை, வாடகை அறை, அங்கே அடிக்கிற கடல் காற்று என்று எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கும்போது, "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்பாள். மூட்டையம்மாவும் "நல்லா இருக்கார்" என்பாள். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஒரு வாரம் மகள் அதைக் கேட்காமல் போனை வைத்தாள். அவசரமாக இருக்கும் என்று இவள் விட்டுவிட்டாள். அடுத்த வாரமும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் இவளாகவே, "அப்பா நல்லா இருக்கார்" என்றாள். "சரிம்மா" என்று அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடவில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் வாய் நிறையப் பேசுகிறவள். அண்ணனுக்குச் சேர்த்தே அவள் பேசுவதாகத் தெருவில் சொல்வார்கள். அவளே விரிப்பை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, கேட்கிற வரைக்கும்தான் உறவு, அண்ணி, கேட்கிறதை நிறுத்திட்டா அப்புறம் வெறும் போன்தான் என்றாள்.

லாட்ஜைப் புதுப்பிப்பதற்காக மூடியிருந்தார்கள். பாதி வேலை இல்லை. அந்த வாரமே ஒரு நாள், கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் குழம்பை ஊற்றிக்கொண்டே மூட்டையம்மா சொன்னாள்.

"நான் பாப்பாவைப் பாக்கப் போறேன்."

அவர் தலை நிமிரவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. பஸ்ஸும் ஏற மாட்டேன், ரயிலும் ஏற மாட்டேன். சைக்கிள்ல போறேன்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்குப் புரையேறியது.

"நாட்டையே தாண்டணும்."

"தாண்டுறேன்."

"என்னைக் கேலி பண்றியா?"

"இல்லங்க. நாலு பேர் கேக்கச் சொன்ன வார்த்தை. அதுல இருந்து நீங்க இறங்க மாட்டீங்க. நான் அதுக்குக் கீழயே குனிஞ்சு போய்க்கிறேன்."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். இரண்டு நாள் சுற்றிவிட்டுத் தானாகத் திரும்பி வருவாள் என்று தங்கையிடம் மட்டும் சொன்னாராம்.

சைக்கிள் கடைக்காரர் கேட்டதும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். டயர் இரண்டும் புதிது, செயின் புதிது, பிரேக் கட்டை புதிது. கியர் வைத்த சைக்கிள் ஒன்றைத் தருகிறேன், திரும்பி வந்து கொடுத்தால் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இந்த சைக்கிள் என் முழங்காலுக்குப் பழக்கம், இனிமேல் புதுசாக ஒன்றைப் பழக்க முடியாது என்று அவள் மறுத்துவிட்டாள். பஞ்சர் ஒட்ட மட்டும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அது துணியில் ஒட்டுப் போடுவதைவிடச் சுலபமாக இருந்தது.

கிளம்புகிற காலையில் நாத்தனார் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொடுத்து, தன் செல்போனையும் கையில் திணித்தாள். கோபித்துக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும், ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போங்கள் அண்ணி என்று பிடித்துத் தள்ளினாள். அவர் மேஜையில் நீராவி பறக்க வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேங்க."

"கிளினிக் துணிய யாரு கொண்டு போய்க் குடுக்கறது?"

"உங்களுக்குக் கால் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளில் ஏறினாள். முதுகுக்குப் பின்னால் மூட்டை இல்லாமல் சைக்கிள் காற்றில் மிதப்பதுபோல இருந்தது. பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது அங்கே வேலை செய்கிற பையன்கள், இன்றைக்கு எந்த லாட்ஜுக்கு என்று கத்திக் கேட்டார்கள். அவள் மணியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

முதல் சில நாட்கள் பாதை சமவெளியில் போனது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள், வைக்கோல் கட்டுகள், வரப்பில் மேய்கிற மாடுகள். கால் வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள், வலிக்கவில்லை. வலித்ததெல்லாம் உட்காருகிற இடம்தான். துண்டை மடித்து சீட்டில் கட்டினாள். அதற்கு மேல் இன்னொரு துண்டு. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் பக்கத்தில் ஓட்டி வந்து பந்தயம் வைத்தார்கள். முதலில் விட்டுக்கொடுத்தாள். அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும் ரோஷம் வந்து, எழுந்து நின்று மிதித்து அவர்களைத் தாண்டிப் போனாள். அடுத்த வளைவில் யாரும் பார்க்காமல் நின்று மூச்சு வாங்கினாள்.

சாயங்காலம் இருட்டுவதற்குள் ஏதாவது ஒரு ஊரில் இறங்கிவிடுவாள். தனியாக வந்த பெண்பிள்ளையைப் பார்த்து லாட்ஜ்காரர்கள் முதலில் சந்தேகமாக விசாரிப்பார்கள். எங்கிருந்து, எங்கே, யாரோடு என்று கேட்பார்கள். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் முகம் இளகிவிடும். சைக்கிளில் என்று சொன்னதும் பழையபடி இறுகிவிடும். அறைக்குள் போனதும் அவள் முதல் வேலையாக விரிப்பை முகர்ந்து பார்ப்பாள். சரியாக அலசாத சோப்பு வாடை வரும். அதை ஒதுக்கிவிட்டுத் தான் கொண்டுவந்த விரிப்பைப் போட்டுக்கொண்டு அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள்.

கடைக்குப் போன் போட்டால் நாத்தனார்தான் எடுப்பாள். இவள் சொல்வதையெல்லாம் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி திரும்பச் சொல்வாள். "டயர் பஞ்சரா? நீங்களே ஒட்டிட்டீங்களா?" என்று அவள் கத்தும்போது அவளுடைய அண்ணன் ஏற்கெனவே தேய்த்து முடித்த சட்டையையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பார். போனை மட்டும் வாங்க மாட்டார்.

துணி கொண்டுபோகிற வேலை அவர் தலையில் விழுந்தது. அவருக்கு சைக்கிள் ஓட்டிப் பல வருஷமாகிவிட்டது. தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். கிளினிக்குக்கு ஏறுகிற தெரு அவ்வளவு மேடு என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஹாஸ்டலில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதும் தெரியாது. நாலைந்து நாளில் தோள்பட்டை வீங்கிக்கொண்டது. உடம்பு வலியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் ஆட்கள் கேட்ட கேள்விதான் தாங்க முடியவில்லை.

மூட்டையம்மா இப்போ எங்க போயிட்டிருக்காங்க என்று கம்பவுண்டர் கேட்டார். சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஹாஸ்டல் சமையற்காரம்மா கரண்டியோடு வெளியே வந்து கேட்டாள். ஊருக்கே அவள் போகிற வழியைப் பற்றி அக்கறை இருந்தது. கட்டிய புருஷன் தெரியாது என்று சொல்லிக்கொண்டு நின்றார். போய்க்கிட்டிருக்கா, போய்க்கிட்டிருக்கா என்று சமாளித்தார். எந்த வழியா என்று கம்பவுண்டர் விடாமல் கேட்ட அன்று கடைக்கு வந்து, போன் அடித்ததும் தங்கை கையை நீட்டுவதற்குள் தானே எடுத்துவிட்டார்.

"எங்க இருக்க?"

"நீங்களா? ஆத்தங்கரையில இருக்கேன்."

"என்ன ஆறு?"

"பெரிய ஆறுங்க. பாலம் வெள்ளத்துல போயிடுச்சாம். படகுலதான் அக்கரைக்கு விடறாங்க." பிறகு குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "படகு ஏறலாமா? நீங்க படகைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

அவர் யோசித்தார். கேலி என்று தெரிந்தது. இருந்தாலும் கேட்கிறாளே என்பதும் தெரிந்தது.

"சைக்கிளையும் ஏத்துவாங்களா?"

"ஏத்துவாங்க."

"அப்ப ஏறு. ஓரமா உக்காராத."

மறுநாள் கிளினிக்கில் கம்பவுண்டர் கேட்பதற்கு முன்னாலேயே, ஆத்தைத் தாண்டிட்டா, படகுல என்று அவரே சொன்னார்.

ஆற்றுக்கு அக்கரையில் பூமியே வேறுமாதிரி இருந்தது. மரமில்லாத காய்ந்த மேட்டு நிலம், சிவப்பு மண். காலையில் கிளம்பும்போதே எதிர்க்காற்று முகத்தில் கை வைத்துத் தள்ளும். முழுப் பகலும் மிதித்தாலும் அடிவானத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வராது. உதடு வெடித்தது. கைகளில் புறங்கை மட்டும் கறுத்து, விரலிடுக்குகள் வெளுப்பாகவே இருந்தன. சோறு கிடைத்த இடத்தில் சோறு, இல்லாத இடத்தில் ரொட்டியும் வாழைப்பழமும். டீக்கடைகளில் ஆண்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். விடாவிட்டால் அவளே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கய்யா என்று உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு மத்தியானம், ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டில் ஒற்றை வேலமர நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னவோ குறைகிறதே என்று தோன்றியது. துணியா, பணமா, தண்ணீரா என்று எல்லாம் பார்த்தாள். இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, காலையிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தண்ணி எங்கே, அந்த மூட்டை எங்கே, இதைக் கொஞ்சம் பிடி என்று ஒரு குரல் இல்லை. பிறந்த வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, இப்படி ஒரு பகல் அவளுக்கு வாய்த்ததில்லை. பயமாக இருக்கும் என்று பார்த்தாள். பயமாக இல்லை. காலை நீட்டிக்கொண்டு, வெயில் தாழும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகளுக்கும் அந்தக் கிரேன் கூண்டுக்குள் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

மலை வந்தபோது மழையும் வந்தது. ஏற்றம் முழுவதையும் இறங்கித் தள்ளியே கடந்தாள். உச்சியில் மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்து முன் சக்கரம் தெரியாமல் அடித்தது. இறக்கத்தில்தான் ஆபத்து. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் ஈரத்தில் கட்டை வழுக்கியது. ஒரு வளைவில் சைக்கிள் சறுக்கி, அவள் ஒரு பக்கம் விழுந்தாள், சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது. முழங்கால் கிழிந்தது. இடது மணிக்கட்டு கண்ணெதிரிலேயே வீங்கியது.

வளைவுக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த பெண் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். வாட்டசாட்டமான ஆள். மூட்டையம்மாவை ஒரு கையிலும் சைக்கிளை ஒரு கையிலுமாகப் பிடித்துக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஈரத்தைத் துடைத்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, மணிக்கட்டில் துணியை இறுக்கிச் சுற்றினாள். எலும்பு முறிந்திருந்தால் இந்நேரம் கத்தியிருப்பீர்கள், சுளுக்குதான் என்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோபத்தில் சொன்ன ஒரு பேச்சுக்கா இவ்வளவு தூரம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இங்கிருந்து மரம் ஏற்றிய லாரிகள் தினமும் துறைமுகத்துக்குத்தான் இறங்குகின்றன, டிரைவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், சைக்கிளோடு ஏற்றிவிடுகிறேன், பொழுது சாய்வதற்குள் மகள் வீட்டில் இருக்கலாம் என்றாள்.

மூட்டையம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டு சிக்னல் கிடைத்ததும் லாண்டரிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே அவர் எடுத்தார்.

"கீழே விழுந்துட்டேங்க. பெரிசா ஒண்ணும் இல்ல. கைதான்..."

"எவ்வளவு உயரத்துல இருந்து?"

அவர் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"சைக்கிள்ல இருந்துங்க. சைக்கிள் என்ன உயரம் இருக்கும்?"

போன் கட்டாகிவிட்டதோ என்று அவள் பார்த்தாள். அந்தப் பக்கம் லாண்டரித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க?"

"தம்பி விழுந்தப்ப நான் கீழே நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பே அவருடைய தம்பி ஒருவன் வேலை செய்த இடத்தில் செத்துப்போனான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்க மாட்டார்கள். அவர் அங்கே இருந்தார் என்று யாரும் சொன்னதில்லை.

"தண்ணித் தொட்டிக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தான். நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். கீழே இருந்து கூப்பிட்டேன். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கை ஆட்டினான். பிடிச்சிருந்த கைய எடுத்து ஆட்டினான்." கொஞ்சம் நிறுத்தினார். "இவ மேல ஏறுறான்னு கேட்டதுல இருந்து நான் அங்கேயேதான் நின்னுக்கிட்டிருக்கேன். தினமும்."

இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்த மனுஷன். கோபம் என்று நினைத்திருந்தாள்.

"அதை ஏன் அவகிட்ட சொல்லல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான குரலில் பேசினார்.

"அங்க லாரி ஏதாவது வருமா?"

"வரும். டீக்கடை அக்கா ஏத்தி விடறேங்கறாங்க."

"ஏறிப் போயிடு. நான் பஸ்ஸு ரயிலுன்னுதான் சொன்னேன். லாரின்னு சொல்லலையே."

மூட்டையம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த மனிதர் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வேண்டாங்க. கை ஆறினதும் ஓட்டியே போயிடறேன்."

"எனக்காக ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம். அன்னைக்குச் சொன்னதையெல்லாம் நான் வாபஸ் வாங்கிக்கறேன். பஸ்ஸே ஏறு."

"உங்களுக்காக இல்லங்க. எனக்கு ஓட்டணும் போல இருக்கு."

அவர் அதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "சரி. ஆனா இறக்கத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்றார்.

கை தேறும்வரை அவள் டீக்கடையில் தங்கினாள். சும்மா இருக்க முடியாமல் ஒற்றைக் கையாலேயே டம்ளர் கழுவினாள். கடையின் எண்ணெய்ப் பிசுக்கேறிய திரைச்சீலைகளை டீக்கடைக்காரியை விட்டு வெந்நீரில் ஊறப்போட வைத்து, இரண்டு பேருமாக அலசிக் காயப்போட்டார்கள். வெயில் அடித்த காலையில் கிளம்பும்போது அந்தப் பெண் வளைவுவரை கூடவே வந்தாள். எனக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும் அக்கா, இந்த மலையில் ஓட்ட முடியாது என்று அப்படியே விட்டுவிட்டேன் என்றாள். தள்ளிக்கொண்டு போகலாம், அதுவும் சைக்கிள் பயணம்தான் என்று மூட்டையம்மா சொன்னாள்.

அத்தை வழியாக மகளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. லீவு போட்டுவிட்டு வண்டி பிடித்து வருகிறேன் என்று தினமும் சண்டை போட்டாள். நீ வந்தால் நான் வேறு பாதையில் போய்விடுவேன் என்று மூட்டையம்மா மிரட்டி வைத்திருந்தாள். மலை இறங்கி, தென்னையும் உப்பளமுமாக இருந்த கடற்கரை ரோட்டில் வந்தபோது தூரத்தில் வானத்தில் நாரைகள் வரிசையாக நிற்பதுபோலக் கிரேன்கள் தெரிந்தன. அவற்றில் எது மகளுடையது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

நகரத்துக்குள் நுழைகிற பாலத்தில் மகள் நின்றிருந்தாள். ஆரஞ்சு நிற வேலைச் சட்டை, ஹெல்மெட் அழுத்திப் படிந்த முடி. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கறுத்துப்போன முகத்தையும் துணி சுற்றிய கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மூட்டையம்மா மகளுடைய காலரைத் திருப்பிப் பார்த்தாள். "இதை யாரு துவைக்கிறது? எண்ணெய்க் கறை அப்படியே இருக்கு."

அறை சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கடல் காற்று படபடக்கிற ஜன்னல். மகள் சோறு வடித்து முட்டை பொரித்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அம்மா வந்த காரணத்தைக் கேட்டாள். நீ அப்பாவைப் பற்றிக் கேட்கிறதை நிறுத்திவிட்டாய், அதுதான் என்றாள் மூட்டையம்மா.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அவர் என்னைப் பத்திக் கேட்டாரான்னு உன்கிட்ட கேக்க முடியலம்மா. அதுக்குப் பதிலாத்தான் அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். நீயும் ஒருநாளும் சொல்லல. அலுத்துப் போச்சு."

அப்போது மூட்டையம்மா சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டுத் தூக்கு, ஆட்டின கை எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கேட்டு முடித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"இடுப்புல பெல்ட் மாட்டாம எங்களை ஏணியில கால் வைக்கவே விட மாட்டாங்க. மேல போயிட்டா கூண்டு, கதவு சாத்தியிருக்கும். ரெண்டு கையும் லீவர்ல இருக்கும்மா. நான் யாருக்கும் கை ஆட்ட முடியாது" என்றாள். அம்மாவிடம் பேசுவதுபோல அது இல்லை.

மறுநாள் அவளுக்குக் காலை ஷிப்டு. துறைமுகத்துக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள். சுற்றுச் சுவருக்கு வெளியே லாரிகள் நிற்கிற ரோட்டில் நின்றால் கிரேன் நன்றாகத் தெரியும், வாசல் கதவும் பக்கத்திலேயே இருக்கிறது என்று மகள் சொல்லியிருந்தாள். ஷிப்டு முடிகிற மத்தியானத்தில் மூட்டையம்மா அங்கே போய் நின்றாள். மேலே கண்ணாடிக் கூண்டு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அதற்குள் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. போனை எடுத்தாள்.

லாண்டரியில் அது கூட்டமான நேரம். அவர் போனைக் காதில் வைத்ததும், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு சுவிட்சை அணைத்தார்.

"கிரேனுக்கு நேரா நிக்கிறேங்க. வேலை முடிஞ்சு இறங்கப் போறா. ஒவ்வொண்ணா சொல்லவா, வேண்டாமா?"

"சொல்லு."

"கூண்டுக் கதவைத் திறக்கிறா."

"பெல்ட்?"

"மாட்டறா. இழுத்துப் பாக்கறா. ஏணிக்கு வந்துட்டா. ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கா."

நாத்தனார் வாடிக்கையாளர்களை உஷ் என்று அடக்கினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் தட்டுக்கு வந்துட்டா. இப்ப படிக்கட்டு. கைப்பிடி இருக்கு. திரும்பறா. அடுத்த தட்டு." அவள் மூச்சும் விட்டுவிட்டுத்தான் வந்தது. "பாதிக்கு வந்துட்டா. காத்து அடிக்குது, நின்னு நிதானமா வரா. இன்னும் கொஞ்சம்தான்..."

நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?"

"சுவர் மறைக்குதுங்க. இதுக்குக் கீழ தெரியல."

போனில் லாரி ஹாரனும் காற்றும் மட்டும் கேட்டன. சட்டைக்கு வந்த ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, அவருடைய முகத்தைப் பார்த்து அடங்கிப்போனார். நாத்தனார் மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளியது. யாரும் போய் இறக்கவில்லை.

வாசல் கதவு திறந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சக தொழிலாளி யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரித்தபடி மகள் ரோட்டுக்கு வந்தாள்.

"வந்துட்டா" என்றாள் மூட்டையம்மா. "நடந்து வரா. இதோ, என் பக்கத்துல வந்துட்டா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "போனை அவகிட்ட குடு."

போன் கைமாறியது. மகள், "அப்பா" என்றாள். அவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. கடைசியில் அவர் கேட்டது, அதுவரை அவர் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு கேள்வி.

"மேல இருந்து பாத்தா என்னம்மா தெரியும்?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் கிரேனை நிமிர்ந்து பார்த்தாள். "கடல் தெரியும்ப்பா. கப்பலெல்லாம் வரிசையா நிக்கிறது தெரியும். இந்தப் பக்கம் திரும்பினா அம்மா வந்த ரோடு தெரியும்."

"எது வரைக்கும்?"

"மலை வரைக்கும் தெரியும்ப்பா. மழை இல்லாத நாள்ல, மலைமேல வளைஞ்சு வளைஞ்சு போறதுகூடத் தெரியும்."

லாண்டரிக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக்கு நின்றவர்களைச் சாயங்காலம் வரச் சொல்லித் தங்கைக்கு ஜாடை காட்டினார்.

"அப்புறம்?" என்றார். "சொல்லும்மா."